குழந்தைக்குக் கடைத்தீனி: எத்தனை நாளைக்கு ஒரு முறை?

மும்பையில் பொழுது புலருமுன்பே தாராவியின் சந்துகளில் இட்லிக் கொப்பரைகள் ஆவி விடத் தொடங்குகின்றன. தமிழ்க் குடும்பங்கள் அவித்தெடுக்கும் இட்லி, தலைச்சுமையாகவும் மிதிவண்டியிலும் நகரின் பல பகுதிகளுக்குச் செல்கிறது. ஆனால் ஊருக்கே காலையுணவு படைக்கும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், குழந்தை மட்டும் கையில் சில்லறையுடன் வடா பாவ் கடைக்குப் போகிறது. விடியுமுன் வேலைக்குப் புறப்படும் பெற்றோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், அந்தத் தீனியின் தன்மையை அறிதல் நன்று.

மைதா ரொட்டிக்குள் பொரித்த உருளைக்கிழங்கு வயிற்றை நிரப்பும். வளரும் உடலுக்கு வேண்டிய கீரையையும் பழத்தையும் பாலையும் தாராது. பொட்டலத் தீனிகளிலோ உப்பும் கொழுப்பும் மிகுதி. வயதுவந்தோருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ஆம் ஆண்டில் விதி வகுத்தது. அவ்வெல்லைக்கு அப்பால் காவல் வீட்டாருடையதே.

முற்றிலும் தடுத்தால் ஆசையே மிகும். மாதுங்காவிலோ செம்பூரிலோ குடும்பத்துடன் என்றேனும் கடையில் உண்பது விருந்து. நாள்தோறும் உண்பது வழக்கம். ஆகவே, வாரத்துக்கு ஒரு முறை என நாமே நாள் குறித்துக்கொள்வோம். மற்ற நாட்களில், ஊருக்கு அவிக்கும் கொப்பரையில் நம் குழந்தைக்கும் நான்கு இட்லி இருக்கட்டும்.