விற்பனை, சம்பளக் கணக்குகள்: எக்ஸெல்லில் பழகுங்கள், தேர்வில் வெல்லுங்கள்

வங்கித் தேர்வானாலும், கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கும் கம்பெனிகளின் ஆப்டிட்யூட் டெஸ்ட் ஆனாலும், ஒரு அட்டவணையைக் கொடுத்து அதிலிருந்து நான்கைந்து கேள்விகள் கேட்பது வழக்கம். அட்டவணையில் பெரும்பாலும் ஒரு கம்பெனியின் விற்பனையும் சம்பளமும்தான் இருக்கும். கேட்கப்படும் கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். கூட்டல், வகுத்தல், சதவீதம், சராசரி ஆகியவற்றைத் தாண்டாது. ஆனாலும் பலருக்கு மார்க் போவது இந்தப் பகுதியில்தான். எந்த எண்ணை எந்த எண்ணால் வகுப்பது என்பதில் ஏற்படும் தடுமாற்றமே இதற்குக் காரணம்.

ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர் பகுதி வாசகர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தோல் தொழிற்சாலை, ஷூ கம்பெனி என்று வீட்டுக்கு ஒருவராவது வேலைக்குப் போகும் ஊர்கள் இவை. சம்பளம், பி.எப்., இ.எஸ்.ஐ., தீபாவளி போனஸ் எல்லாம் தினமும் காதில் விழும் சொற்கள். அந்தக் கணக்குகளை வைத்தே தேர்வுக்குத் தயாராகலாம். கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் போதும். இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம். இங்கு தரப்படும் பார்முலாக்கள் அவற்றிலும் இயங்கும்.

முதலில் ஒரு அட்டவணை

ஒரு ஷூ கம்பெனியின் ஓராண்டுக் கணக்கு என்று வைத்துக் கொள்வோம். பயிற்சிக்காக நாமே அமைத்த எண்கள் இவை. புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்து, முதல் படுக்கை வரிசையில் தலைப்புகளை அமைத்திடுங்கள். ஏ நெட்டு வரிசையில் காலாண்டு, பி-யில் விற்பனை (லட்சம் ரூபாய்), சி-யில் ஆட்கள், டி-யில் மொத்தச் சம்பளம் (லட்சம் ரூபாய்). இரண்டாவது வரிசையிலிருந்து கீழ்க்கண்டவாறு எண்களை இடுங்கள்.

ஏப்ரல் - ஜூன்: 240, 150, 54
ஜூலை - செப்டம்பர்: 300, 160, 60
அக்டோபர் - டிசம்பர்: 360, 180, 70.2
ஜனவரி - மார்ச்: 300, 175, 63

அதே 60 லட்சம், மூன்று சதவீதம்

முதல் கேள்வி: ஒவ்வொரு காலாண்டிலும் விற்பனை எத்தனை சதவீதம் கூடியது அல்லது குறைந்தது?

இ3 செல்லில் கர்சரை வைத்து =(பி3-பி2)/பி2 என டைப் செய்திடுங்கள். (செல் பெயர்களையும் பங்ஷன் பெயர்களையும் ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.) என்டர் தட்டியபின், மீண்டும் அந்த செல்லைத் தேர்ந்தெடுத்து, அதன் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய கட்டத்தைப் பிடித்து இ5 வரை இழுத்திடுங்கள். தேர்ந்தெடுத்த நிலையிலேயே கன்ட்ரோல், ஷிப்ட், 5 ஆகிய கீகளை ஒன்றாக அழுத்தினால் விடைகள் சதவீதமாக மாறும். தசமம் தெரியவில்லை என்றால் ஹோம் டேபில் உள்ள இன்க்ரீஸ் டெசிமல் பட்டனை இருமுறை கிளிக் செய்திடுங்கள்.

கிடைக்கும் விடைகள்: 25, 20, மைனஸ் 16.67.

மூன்று முறையும் வித்தியாசம் 60 லட்சம்தான். ஆனால் 240 மீது 60 என்பது 25 சதவீதம், 300 மீது 60 என்பது 20 சதவீதம், 360 மீது 60 என்பது 16.67 சதவீதம். ரூபாய் மாறவில்லை, அடி எண் மாறியதால் விடை மாறியது. எனவே எந்தச் சதவீதக் கேள்வியைப் பார்த்தாலும் உங்களை நீங்களே கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எதில் இத்தனை சதவீதம்?" கூடுதல், குறைவு என்றால் அடி எண் எப்போதும் பழைய எண். கேள்வித்தாள் தயாரிப்பவர் புதிய எண்ணால் வகுத்தால் வரும் விடையையும் தரப்படும் விடைகளில் ஒன்றாக வைத்திருப்பார்.

சதவீதம் வேறு, சதவீதப் புள்ளி வேறு

இரண்டாவது கேள்வி: விற்பனையில் சம்பளத்தின் பங்கு எவ்வளவு? எஃப்2 செல்லில் =டி2/பி2 என அமைத்து எஃப்5 வரை இழுத்திடுங்கள். 22.5, 20, 19.5, 21 எனக் கிடைக்கும்.

முதல் காலாண்டிலிருந்து இரண்டாவதற்குச் சம்பளச் செலவு 54 லட்சத்திலிருந்து 60 லட்சமாகக் கூடியிருக்கிறது. ஆனால் பங்கு 22.5லிருந்து 20க்குக் குறைந்திருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. விற்பனை அதைவிட வேகமாகக் கூடியதுதான் காரணம்.

இந்தப் பங்கு எவ்வளவு குறைந்தது என்று கேட்டால் 2.5 சதவீதப் புள்ளி. எத்தனை சதவீதம் குறைந்தது என்று கேட்டால் 2.5ஐ 22.5ஆல் வகுக்க வேண்டும், 11.11 சதவீதம். ஒரே ஒரு சொல்லில் விடை மாறுகிறது.

இதற்கு நிஜ உதாரணம் ஒன்று. 2019 ஜூலையில் இ.எஸ்.ஐ. பிடித்தம் குறைக்கப்பட்டது. தொழிலாளர் பங்கு 1.75 சதவீதத்திலிருந்து 0.75 ஆனது, நிர்வாகத்தின் பங்கு 4.75லிருந்து 3.25 ஆனது. தொழிலாளருக்குக் குறைந்தது 1 சதவீதப் புள்ளிதான். ஆனால் 12,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மாதம் 210 ரூபாய் பிடித்த இடத்தில் 90 ரூபாய் ஆனது. அதாவது பிடித்தம் 57 சதவீதம் குறைந்தது. நிர்வாகத்திற்குக் குறைந்தது 1.5 புள்ளி. புள்ளிக் கணக்கில் அது அதிகம். சதவீதக் கணக்கில் பார்த்தால் சுமார் 31.6தான். யாருக்கு அதிகம் குறைந்தது என்று கேட்டால், புள்ளியா சதவீதமா என்பதைப் பார்த்துதான் விடை சொல்ல முடியும்.

சராசரிகளின் சராசரி

மூன்றாவது கேள்வி: ஆண்டு முழுவதற்கும் விற்பனையில் சம்பளத்தின் பங்கு எவ்வளவு? அவசரத்தில் 22.5, 20, 19.5, 21 ஆகிய நான்கையும் கூட்டி நாலால் வகுத்தால் 20.75 வரும். இது தவறு. மொத்தச் சம்பளம் 247.2 லட்சம், மொத்த விற்பனை 1,200 லட்சம். வகுத்தால் 20.6. அதிக விற்பனை நடந்த காலாண்டிற்கு அதிக எடை தரப்பட வேண்டும். மொத்தத்தை மொத்தத்தால் வகுக்கும்போது அது தானாகவே நடந்துவிடுகிறது.

நான்காவது கேள்வி: ஒருவரின் சராசரி மாதச் சம்பளம் எவ்வளவு? ஜி2 செல்லில் =டி2*100000/சி2/3 என அமைத்திடுங்கள். லட்சத்தை ரூபாயாக்க 100000ஆல் பெருக்குகிறோம். மூன்று மாதக் கணக்கு என்பதால் 3ஆல் வகுக்கிறோம். 12,000, 12,500, 13,000, 12,000 எனக் கிடைக்கும். "லட்சம் ரூபாயில்", "காலாண்டு" போன்ற சொற்கள் அட்டவணையின் தலையில் சின்ன எழுத்தில் இருக்கும். எண்களைப் பார்க்கும் முன் அவற்றைப் படித்துவிடுங்கள்.

சராசரி 13,000 என்றால் யாருக்கு 13,000?

மூன்றாம் காலாண்டில் 180 பேர். சராசரி 13,000 ரூபாய். அந்த 180 பேரைப் பிரிவாரியாக இரண்டாவது ஷீட்டில் இப்படி அமைத்துப் பாருங்கள். பி-யில் ஆட்கள், சி-யில் மாதச் சம்பளம்.

தையல்: 100 பேர், 11,000
கட்டிங்: 30 பேர், 14,000
பேக்கிங்: 40 பேர், 10,000
அலுவலகம், மேனேஜர்கள்: 10 பேர், 42,000

ஒரு காலி செல்லில் =சம்ப்ராடக்ட்(பி2:பி5,சி2:சி5)/சம்(பி2:பி5) எனக் கொடுத்திடுங்கள். சம்ப்ராடக்ட் என்பது சம், ப்ராடக்ட் என்ற இரு ஆங்கிலச் சொற்களை இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதும் பங்ஷன். ஒவ்வொரு பிரிவிலும் ஆட்களைச் சம்பளத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டித் தரும். விடை 13,000. நான்கு சம்பளங்களை மட்டும் கூட்டி நாலால் வகுத்தால் 19,250 என்று தவறாக வரும்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். 180 பேரில் 140 பேர் 11,000 அல்லது அதற்கும் கீழ்தான் வாங்குகிறார்கள். 13,000 வாங்குபவர் ஒருவர்கூட இல்லை. பத்துப் பேரின் 42,000 சராசரியை மேலே இழுத்துவிட்டது. எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் அவர் வாங்குவது 11,000. இதைத்தான் இடைநிலை என்கிறோம். "எங்கள் கம்பெனியில் சராசரிச் சம்பளம் 13,000" என்று யாராவது சொன்னால், தையல் பிரிவில் சேரப் போகும் பெண் கேட்க வேண்டியது, "தையலுக்கு எவ்வளவு?" என்பதுதான்.

இறங்கி ஏறினால் பழைய இடம் வருமா?

இந்தியாவின் தோல், தோல் பொருள், காலணி ஏற்றுமதி 2019-20ல் சுமார் 510 கோடி டாலர். கொரோனா ஆண்டான 2020-21ல் அது சுமார் 370 கோடியாக இறங்கியது. 2021-22ல் சுமார் 490 கோடிக்கு ஏறியது. இறங்கியது ஏறக்குறைய 27 சதவீதம்; ஏறியது 32 சதவீதம். ஏறியது அதிகமாகத் தெரிகிறது. ஆனால் 490 என்பது 510ஐ எட்டவில்லை. இறக்கத்தின் அடி எண் 510, ஏற்றத்தின் அடி எண் 370. பழைய இடத்திற்கு வர 370 மீது 140 கூட வேண்டும். அது சுமார் 38 சதவீதம்.

"20 சதவீதம் குறைந்து 20 சதவீதம் கூடினால்?" என்ற கேள்வியும் இதே ரகம்தான். 100 என்பது 80 ஆகும். 80 மீது 20 சதவீதம் 16. விடை 96, 4 சதவீத இழப்பு.

போனஸ் கணக்கில் ஒரு குறுக்குவழி

1965ம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்தபட்ச போனஸை 8.33 சதவீதம் என்றும், அதிகபட்சத்தை 20 சதவீதம் என்றும் வைத்தது. 2019ல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பும் இதே அளவுகளை வைத்துக் கொண்டது. 8.33 என்ற எண் எங்கிருந்து வந்தது? 100ஐ 12ஆல் வகுத்தால் வருவதுதான். அதாவது பன்னிரண்டு மாதச் சம்பளத்தில் ஒரு மாதச் சம்பளம்.

மாதம் 7,000 ரூபாயை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 84,000. 8.33 சதவீத போனஸ் 7,000 ரூபாய். 10 சதவீதம் என்றால் 8,400. எட்டே காலுக்குச் சற்று மேலிருந்து பத்துக்குப் போவது சின்ன உயர்வாகத் தெரியும். கையில் வரும் பணமோ 20 சதவீதம் கூடுகிறது. பேச்சுவார்த்தையில் ஒன்றே முக்கால் சதவீதத்திற்காகக்கூட விட்டுக் கொடுக்காமல் நிற்பது இதனால்தான்.

தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. எனவே சதவீதங்களைப் பின்னமாகப் பார்க்கப் பழகுங்கள். 8.33 என்றால் பன்னிரண்டில் ஒன்று. 11.11 ஒன்பதில் ஒன்று. 12.5 எட்டில் ஒன்று. 16.67 ஆறில் ஒன்று. 37.5 எட்டில் மூன்று. இவை மனதில் இருந்தால் 360ல் 60 என்றதும் "ஆறில் ஒன்று, 16.67" என்று எழுதாமலே விடை வரும்.

தினமும் புதிய கேள்வித்தாள்

ஒரே அட்டவணையை மீண்டும் மீண்டும் போட்டால் விடை மனப்பாடம் ஆகிவிடும். எக்ஸெல்லையே புதிய எண்களைத் தரச் சொல்லலாம். முதல் ஷீட்டில் பி2 செல்லில் =ராண்ட்பிட்வீன்(20,40)*10 என அமைத்து பி5 வரை இழுத்திடுங்கள். 200க்கும் 400க்கும் இடையே பத்துப் பத்தாக எண்கள் வரும். டி2 முதல் டி5 வரை =ராண்ட்பிட்வீன்(50,75) என அமைத்திடுங்கள். விடைகள் உள்ள இ, எஃப், ஜி நெட்டு வரிசைகளைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, ஹைட் கொடுத்து மறைத்துவிடுங்கள்.

இனி எஃப்9 கீயை ஒருமுறை தட்டினால் புதிய கேள்வித்தாள் தயார். தாளில் கணக்குப் போட்டு முடித்தபின் மறைத்த வரிசைகளைத் திறந்து சரிபாருங்கள். ஒரு எச்சரிக்கை: எந்த செல்லில் எதை டைப் செய்தாலும் இந்த எண்கள் மாறிவிடும். ஒரு அட்டவணையை வைத்துக் கொள்ள விரும்பினால், அதனை காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷல் சென்று வேல்யூஸ் தேர்ந்தெடுத்து வேறிடத்தில் ஒட்டிவிடுங்கள்.

தேர்வு அறையில்

ஐ.பி.பி.எஸ். நடத்தும் வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வில் எண்திறன் பகுதிக்கு 35 கேள்விகள், 20 நிமிடம் என்பது அண்மைக் கால அமைப்பு. கேள்விக்கு 34 நொடிதான். தவறான விடைக்குக் கால் மார்க் குறையும். எனவே இந்த வரிசையில் செல்லுங்கள்.

1. அட்டவணையின் தலைப்பையும் அலகையும் படியுங்கள்.
2. கேள்வியில் அடி எண் எது என்று பார்த்து அதன்மேல் ஒரு கோடு இடுங்கள். கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வு என்றால் தாளில் குறித்துக் கொள்ளுங்கள்.
3. தரப்பட்ட விடைகள் எல்லாவற்றையும் பாருங்கள். 12, 18, 25, 31 என விலகி இருந்தால் தோராயமாகக் கணக்கிட்டாலே போதும். 20.6, 20.75 என நெருங்கி இருந்தால் முழுதாகப் போடுங்கள்.
4. நீளமான கணக்கு தேவைப்படும் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு இரண்டு அட்டவணை போட்டுப் பாருங்கள். வீட்டில் யாருடைய சம்பளச் சீட்டாவது இருந்தால் அதையும் ஒரு ஷீட்டில் ஏற்றி, ஒவ்வொரு பிடித்தமும் எதில் எத்தனை சதவீதம் என்று கண்டுபிடியுங்கள். தேர்வுக்கும் பயிற்சி ஆகும். சீட்டில் தவறு இருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.