சராசரியை ஒப்பிடும் முன் எண்ணிக்கையைப் பார்ப்போம்

தேர்வு முடிவுகள் வந்ததும் பள்ளிகளின் சராசரி மதிப்பெண்களை வரிசைப்படுத்திப் பார்க்கிறோம். அருகருகே இரண்டு பள்ளிகள். ஒவ்வொன்றிலும் 16 மாணவர்கள். ஒன்றின் கணிதச் சராசரி 64, மற்றதன் சராசரி 55 என்று வைத்துக்கொள்வோம். முதல் பள்ளி ஆசிரியருக்குப் பாராட்டும் இரண்டாம் பள்ளி ஆசிரியருக்கு விளக்கம் கேட்பும் கிடைக்கக்கூடும். இந்த முடிவு சரியானதா? நாம் கற்பிக்கும் திட்டவிலக்கமும் இயல்நிலைப் பரவலுமே இதற்கு விடை சொல்கின்றன.

ஒரு மாணவரும் ஒரு வகுப்பும்

மாவட்டம் முழுவதும் மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில் உள்ளன. சராசரி 60, திட்டவிலக்கம் 16 என்க. ஏதேனும் ஒரு மாணவர் 68க்கு மேல் பெறுவதற்கான நிகழ்தகவு என்ன? 68 என்பது சராசரியைவிட 8 அதிகம். 8 ÷ 16 = 0.5. அட்டவணைப்படி நிகழ்தகவு 0.31. அதாவது, பத்தில் மூவர்.

இப்போது 16 மாணவர்களின் சராசரி 68ஐத் தாண்டுமா என்று பார்ப்போம். ஒருவர் அதிகம் பெற்றால் இன்னொருவர் குறைவாகப் பெறுவார். சராசரியில் இவை ஓரளவு சமன்படும். 16 பேரின் கூட்டுத்தொகைக்கு விலக்க வர்க்கச் சராசரி 16 மடங்காகும். ஆனால் திட்டவிலக்கம் அதன் வர்க்கமூலமான 4 மடங்குதான் ஆகும். கூட்டுத்தொகையை 16ஆல் வகுக்கும்போது திட்டவிலக்கம் 16 × 4 ÷ 16 = 4 ஆகிறது. இதையே திட்டப்பிழை என்கிறோம். 8 ÷ 4 = 2. நிகழ்தகவு 0.023. நூற்றில் இரண்டு வகுப்புகளே 68ஐத் தாண்டும்.

மாணவர்கள் 64 பேர் என்றால் திட்டப்பிழை 2. அப்போது 68ஐத் தாண்டும் வாய்ப்பு லட்சத்தில் மூன்று மட்டுமே.

சிறிய பள்ளியின் ஏற்ற இறக்கம்

சராசரியிலிருந்து இரண்டு திட்டப்பிழை தொலைவுக்குள் ஏறக்குறைய 95 விழுக்காடு முடிவுகள் அடங்கும். எனவே, கற்பித்தலில் எந்த வேறுபாடும் இல்லாதபோதும்,

4 மாணவர்கள்: 44 முதல் 76 வரை
16 மாணவர்கள்: 52 முதல் 68 வரை
64 மாணவர்கள்: 56 முதல் 64 வரை

என்று சராசரி மாறக்கூடும். தொடக்கத்தில் பார்த்த 64, 55 இரண்டும் 16 மாணவர்களுக்குரிய எல்லைக்குள்தான் உள்ளன. அந்த வேறுபாட்டை மட்டும் வைத்து ஓர் ஆசிரியரை உயர்த்தவோ தாழ்த்தவோ இயலாது.

பட்டியலின் உச்சியில் சிறிய பள்ளிகள் அதிகம் இருப்பதன் காரணமும் இதுவே. அமெரிக்காவில் இதைக் கண்டு, சிறிய பள்ளிகளே சிறந்தவை என்று நம்பி அவற்றை உருவாக்கப் பெருந்தொகை செலவிடப்பட்டது. புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர், பென்சில்வேனியா மாநிலத் தரவுகளில் பட்டியலின் அடியிலும் சிறிய பள்ளிகளே அதிகம் இருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

வகுப்பறையில் செய்து பார்க்க

ஒவ்வொரு மாணவரும் ஒரு பகடையை ஒருமுறை உருட்டி, கிடைத்த எண்ணுக்கு நேராகக் கரும்பலகையில் ஒரு புள்ளி வைக்கட்டும். புள்ளிகள் 1 முதல் 6 வரை பரவலாகச் சிதறும். அடுத்து, ஐந்து முறை உருட்டி, சராசரிக்குப் புள்ளி வைக்கட்டும். புள்ளிகள் 3.5ஐச் சுற்றிக் குவியும். திட்டவிலக்கம் 1.7இலிருந்து ஏறத்தாழ 0.76 ஆகக் குறைவதே இதற்குக் காரணம். ஒற்றைப் பகடையின் பரவல் மணி வடிவம் அன்று. சராசரிகளின் பரவலோ அவ்வடிவை நெருங்குகிறது. மைய எல்லைத் தேற்றத்தை மாணவர்கள் கண்ணால் காண இதுவே எளிய வழி. சராசரி கணக்கிடத் தெரிந்த நடுநிலை வகுப்பிலும் இதைச் செய்யலாம்.

கவனிக்க வேண்டியது

எல்லா வேறுபாடும் தற்செயலே என்று இக்கணக்கு சொல்லவில்லை. ஒரே ஊர்க் குழந்தைகள் பொதுவான சூழலில் வளர்பவர்கள். அவர்களைச் சமவாய்ப்பு முறையில் எடுத்த கூறாக முழுமையாகக் கருத இயலாது. எல்லைக்கு வெளியே விழும் சராசரிக்கும், ஆண்டுதோறும் ஒரே பக்கம் சாயும் சராசரிக்கும் காரணம் தேடத்தான் வேண்டும்.

ஆகவே, சராசரியை எழுதும் இடத்தில் மாணவர் எண்ணிக்கையையும் எழுதுவோம். சிறிய பள்ளி எனில் மூன்று ஆண்டு மதிப்பெண்களைச் சேர்த்துப் பார்ப்போம். 16 பேர் 48 பேராகும்போது திட்டப்பிழை 4இலிருந்து 2.3 ஆகக் குறையும். பாராட்டோ கேள்வியோ, அதன் பிறகு வரட்டும்.