86 என்று தொடங்கும் அழைப்பு



தொலைபேசியில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் எண் உண்டு. நம் மலேசியாவுக்கு 60, சீனாவுக்கு 86. தைவானின் 886, ஹாங்காங்கின் 852 ஆகியவை வேறு. சீனாவில் கைத்தொலைபேசி எண்ணுக்கு 11 இலக்கங்கள். முதல் இலக்கம் 1. வீட்டுத் தொலைபேசியானால் ஊரின் எண் முன்னால் நிற்கும்: பெய்ஜிங்கிற்கு 010, ஷங்ஹாய்க்கு 021. வெளிநாட்டு அழைப்பில் அந்த முதல் பூஜ்யம் விழுந்துவிடும். ஆகவே திரையில் 8610 என்றிருந்தால் பெய்ஜிங். 6010 என்றிருந்தால் நம் நாட்டுக் கைத்தொலைபேசி. வேலை அவசரத்தில் பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்!

ஆனால் எண் ஊரைச் சொல்லுமே தவிர ஆளைச் சொல்லாது. ஊரையும் நம்புவதற்கில்லை. வேறோர் எண்ணைத் திரையில் காட்டி அழைக்கும் வித்தை மோசடிக்காரர்களுக்குத் தெரியும்.

2016 ஆகஸ்டில் சீனாவின் ஷான்டோங் மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஏழை வீட்டுப் பெண், வயது 18, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. கல்வி உதவித்தொகைக்கு உண்மையாகவே விண்ணப்பித்திருந்தாள். "பணம் வந்துவிட்டது; அதைப் பெறுவதற்கு உன் கையிலுள்ளதை முதலில் இந்தக் கணக்கில் போடு" என்றது ஒரு குரல். படிப்புக்கென்று வீட்டார் சேர்த்த 9,900 யுவான் போயிற்று. போலீசில் புகார் கொடுத்துத் திரும்பும் வழியில் மயங்கி விழுந்தவள், இரண்டு நாளில் இறந்துபோனாள். அந்தக் கூட்டம் மாணவர்களின் விவரங்களைத் திருடி விற்றவனிடம் வாங்கி வைத்திருந்தது. 2017இல் தலைவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தப் பிள்ளையை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பெயரும் அடையாள அட்டை எண்ணும் தெரிந்தவர் அதிகாரி என்றுதானே லயத்து வீட்டிலும் நினைப்போம்?

இன்னொரு வகையும் உண்டு. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருப்பதாகப் "போலீஸ்" மிரட்டும். "யாரிடமும் சொல்லாதே, பணத்தைப் பாதுகாப்பான கணக்குக்கு மாற்று" என்று சொல்லும். உண்மையான போலீஸ் எந்த நாட்டிலும் அப்படிக் கேட்பதில்லை. நம் நாட்டில் இதற்கு மக்காவ் மோசடி என்று பெயர். ஒரே மணி அடித்து நின்றுபோகும் வெளிநாட்டு எண்ணையும் திருப்பி அழைக்காதீர்கள். கட்டணம் உங்கள் தலையில் விழும்.

சந்தேகம் வந்தால் பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள். பிறகு வங்கி அட்டையின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். பணம் போய்விட்டதென்றால் விடியட்டும் என்று காத்திராமல், இத்தகைய மோசடிகளுக்கென்றே 2022இல் ஏற்பட்ட 997ஐ உடனே அழையுங்கள். தாமதித்தால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும்.