அரச ஊழியரும் காலக்கெடுவும்

இடமாற்றம், பதவியுயர்வு மறுப்பு, பணி இடைநிறுத்தம், சேவையைக் கைவிட்டதாகக் கருதி அனுப்பப்படும் அறிவித்தல் என்பன அரச ஊழியர் எவரும் எதிர்கொள்ளக்கூடியவை. அநீதி இழைக்கப்பட்டதாகக் கருதும் ஊழியர் முதலில் மேலதிகாரியிடம் முறையிடுகின்றார்; பின்னர் அமைச்சுக்கு எழுதுகின்றார்; பதிலை எதிர்பார்த்து மாதங்களைக் கழிக்கின்றார். இறுதியில் சட்டத்தரணியை நாடும்போது காலம் கடந்துவிட்டது என்ற பதிலே கிடைக்கின்றது. நியாயம் ஆராயப்படுவதற்கு முன்னரே வழக்குத் தோற்றுவிடுகின்றது.

இத்தகைய பிணக்கில் முதலில் தெளிவுபடுத்தப்பட வேண்டியது தொழில்தருநர் யார் என்பதாகும். 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 49 ஆம் பிரிவு, தொழில்தருநர் என்ற வகையில் அரசை அச்சட்டத்திலிருந்து விலக்கியுள்ளது. எனவே திணைக்கள எழுதுவினைஞரோ அரச பாடசாலை ஆசிரியரோ தொழில் நியாய சபையை நாட முடியாது. ஆனால், கூட்டுத்தாபனங்கள், நியதிச் சபைகள் ஆகியவற்றின் ஊழியர்கள் சேவை முடிவுறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் அங்கு விண்ணப்பிக்கலாம். ஒப்பந்த வாசகங்களுக்கு அப்பாற் சென்று நீதியும் ஒப்புரவுமான கட்டளையை வழங்கும் அதிகாரம் அச்சபைக்கு உண்டு.

மத்திய அரசாங்கத்தின் ஊழியர்களுக்கு வழி வேறானது. 2001 ஆம் ஆண்டின் 17 ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 61அ உறுப்புரை, அரசாங்க சேவை ஆணைக்குழுவின் தீர்மானங்களை நீதிமன்றங்கள் ஆராய்வதைத் தடுக்கின்றது. இதற்கு இரு விதிவிலக்குகள் உள்ளன. ஒன்று, 2002 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிர்வாக மேன்முறையீட்டு நியாய சபை. ஆணைக்குழுவின் கட்டளையை மாற்றவும் நீக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. மற்றையது, 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படும் அடிப்படை உரிமை மனு. சட்டத்தின் முன் சமத்துவம் மீறப்பட்டதென்பதே பெரும்பாலான சேவை வழக்குகளின் அடிப்படையாகும்.

மாகாண அரச சேவையிலுள்ளோர், அவர்களுள் மாகாணப் பாடசாலை ஆசிரியர்கள், மேற்படி நியாய சபைக்குச் செல்ல இயலாது. மாகாண அரச சேவை ஆணைக்குழுவின் இடமாற்ற, ஒழுக்காற்றுக் கட்டளைகளை மாற்றும் அதிகாரம் 1987 ஆம் ஆண்டின் மாகாண சபைகள் சட்டத்தின்படி ஆளுநருக்கு உண்டு. மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரவும் இடமுண்டு. எழுத்தாணை மனுவிலும் காரணமற்ற தாமதம் மனுதாரருக்குப் பாதகமாகவே அமையும்.

அடிப்படை உரிமை மனுவுக்கான காலவெல்லை ஒரு மாதம் மட்டுமே. மேலதிகாரிக்கு மேன்முறையீடு செய்திருப்பதால் அக்காலவெல்லை நீடிப்பதில்லை. ஆயினும் 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு ஒரு பாதுகாப்பை வழங்குகின்றது. ஒரு மாதத்திற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கிற் கொள்ளப்படாது. முறைப்பாட்டைக் கையளித்ததற்கான பற்றுச்சீட்டு மாத்திரம் போதாது. விசாரணை நிலுவையில் இருந்தமையையும் நீதிமன்றத்திற்குக் காட்ட வேண்டும்.

தமிழ் பேசும் ஊழியர்களுக்கு இங்கு மற்றுமொரு இடர் உள்ளது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. எனினும் சிங்களத்தில் மாத்திரம் வரும் கடிதங்கள் இன்னமும் உள்ளன. மொழிபெயர்ப்பாளரைத் தேடும் நாட்களும் அந்த முப்பது நாட்களுள் அடங்கிவிடுகின்றன.

ஆகவே, கடிதம் கிடைத்த திகதியைக் குறித்துவைப்பதும், கடித உறையைப் பேணுவதும், முதல் வாரத்திலேயே தொழிற்சங்கத்தையோ சட்டத்தரணியையோ நாடுவதும் அவசியமாகும். சட்டம் திறந்துவைத்துள்ள கதவு குறுகிய காலத்தில் மூடப்படுவது என்பதை ஊழியர்கள் மறந்துவிடலாகாது.