கதாநாயகியின் கைக்காசு

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நாவல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது நீண்ட கவுன், பியானோ, நடன விருந்து, கடைசிப் பக்கத்தில் ஒரு திருமணம். எனக்கும் அந்த உலகம் திரைப்படங்கள் வழியாகத்தான் அறிமுகமானது. கடந்த சில மாதங்களாக வேலைக்குப் போய்வரும் எம்ஆர்டி பயணங்களில் அந்தக் காலக் கதைகளை ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி என்னோடு ஒட்டிக்கொண்டது: இந்தப் பெண்ணின் கைக்குக் காசு எங்கிருந்து வருகிறது?

காதல், கற்பு, தியாகம் என்று கதைகள் பெரிய விஷயங்களைப் பேசும். ஆனால் கதாநாயகி அடுத்து என்ன செய்ய முடியும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சில டாலர்கள்தான்.

மனைவியின் சம்பளம் யாருக்கு?

இதற்குக் காரணம் சட்டம். இங்கிலாந்திலிருந்து வந்த பழைய சட்ட மரபுப்படி, அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் திருமணமான பெண்ணுக்குத் தனி உரிமை கிடையாது. அவள் கொண்டு வந்த சொத்தை நிர்வகிப்பவன் கணவன். அவள் உழைத்து வாங்கும் கூலியும் அவனுக்கே. நியூயார்க் மாநிலம் 1848இல் ஒரு சட்டம் இயற்றி, மனைவியின் சொத்து மனைவிக்கே என்றது. அவளுடைய சம்பளமும் அவளுக்கே என்று சொல்ல 1860 வரை ஆயிற்று.

‘பெண்ணுக்கு வீடு, ஆணுக்கு வெளியுலகம்’ என்பது அன்றைய நடுத்தர வர்க்கத்தின் வேதவாக்கு. பக்தி, அடக்கம், கற்பு, இல்லறம் ஆகியவையே நல்ல பெண்ணின் இலக்கணம் என்று அந்தக் காலப் பெண்கள் பத்திரிகைகள் ஓயாமல் எழுதின. நாவல்கள் பிறந்தது இந்தச் சூழலில்தான்.

ஊசி கொடுத்த சோறு

நதேனியல் ஹாதோர்னின் ‘த ஸ்கார்லெட் லெட்டர்’ 1850இல் வெளிவந்தது. கதை நடப்பது அதற்கும் 200 ஆண்டுகளுக்கு முந்தைய பாஸ்டனில். கணவன் அருகில் இல்லாத காலத்தில் குழந்தை பெற்ற ஹெஸ்டர் பிரின், தன் நெஞ்சில் ‘ஏ’ என்ற சிவப்பு எழுத்தை வாழ்நாள் முழுதும் அணிய வேண்டும் எனத் தண்டிக்கப்படுகிறாள். குழந்தையின் தகப்பன், ஊரே மதிக்கும் பாதிரியார். அவர் பெயரை அவள் கடைசிவரை சொல்வதில்லை.

அவளையும் மகளையும் காப்பாற்றுவது அவளுடைய ஊசி. ஆளுநரின் உடையிலும், அதிகாரிகளின் பட்டைகளிலும், பிறந்த குழந்தையின் குல்லாவிலும் அவள் பூவேலை இருக்கிறது. மணப்பெண்ணின் முகத்திரைக்கு மட்டும் அவளை யாரும் கூப்பிடுவதில்லை. உழைப்பு வேண்டும், உழைத்தவள் தொட்ட துணி மங்கல காரியத்துக்கு ஆகாது! இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அது தூரத்து ஊராகவே தெரியவில்லை.

ஆனால் ஆண்டுகள் போகப் போக, அந்த எழுத்துக்குத் ‘திறமையானவள்’ என்பதுதான் பொருள் என்று ஊரார் சிலர் சொல்லத் தொடங்குகிறார்கள். தீர்ப்பை மாற்றியது அவள் கைத்தொழிலும், நோயாளிகளுக்கு அவள் செய்த சேவையும்.

திருமணத்துக்குப் பதில் பங்குப் பத்திரம்

இதே ஹாதோர்ன், பெண் எழுத்தாளர்களின் நாவல்கள் சந்தையில் நிறைந்துவிட்டதாக 1855இல் தம் பதிப்பாளருக்கு எரிச்சலோடு எழுதினார். அவர் எரிச்சலில் அர்த்தம் இருந்தது. அன்று அதிகம் விற்ற நாவல்களில் பல பெண்கள் எழுதியவை. அடுத்த மாதமே அவர் ஒரே ஒரு விதிவிலக்கைச் சொன்னார்: ஃபேனி ஃபெர்ன் எழுதிய ‘ரூத் ஹால்’.

அந்த நாவலில் ரூத் இளம் விதவை. மாமனார், மாமியார், தகப்பன், பத்திரிகை ஆசிரியரான அண்ணன் என எல்லாரும் வசதியானவர்கள். உதவத்தான் மனமில்லை. தைத்துப் பார்க்கிறாள், வயிற்றுக்குப் போதவில்லை. ஒரு மகளைப் பிரிய நேர்கிறது. பிறகு பத்திரிகைகளுக்கு எழுதுகிறாள். பெயர் பரவுகிறது. மகளை மீட்கிறாள்.

இங்கே ஆசிரியர் ஒரு வேலை செய்திருக்கிறார். கதை முடியும் நேரத்தில் நாம் எதிர்பார்க்கும் மாப்பிள்ளை வரவில்லை. ரூத்தின் பெயரில் வங்கிப் பங்குப் பத்திரம் வருகிறது. அந்தப் பத்திரத்தின் படமே நாவலில் அச்சாகியிருக்கிறது. எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

இது ஃபேனி ஃபெர்னின் சொந்தக் கதை. அவருடைய அண்ணனும் பத்திரிகை ஆசிரியர்தான், அவரும் கைவிட்டவர்தான். ஆனால் ஒன்றை மட்டும் ரூத்தின் கதையில் அவர் சேர்க்கவில்லை. நிஜ வாழ்வில் அவர் இரண்டாவதாக மணந்து, அந்தக் கணவரை விட்டு வெளியேறி, விவாகரத்தானவர். விதவைக்கு வாசகர் கண்ணீர் விடுவார்கள். விவாகரத்தானவளுக்கு விடுவார்களா?

ஜோவுக்கு மாப்பிள்ளை தேடிய வாசகர்கள்

வாசகர் கைக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ‘லிட்டில் விமன்’ நல்ல சாட்சி. லூயிசா மே ஆல்காட் அதன் முதல் பாகத்தை 1868இல் வெளியிட்டார். நான்கு சகோதரிகளில் ஜோ எழுத்தாளராக வேண்டும் என்று துடிப்பவள். அப்பாவைப் பார்க்க அம்மா போகும் பயணத்துக்காகத் தன் கூந்தலை 25 டாலருக்கு விற்கிறாள். கதைப் போட்டியில் வென்ற 100 டாலரில் அம்மாவையும் நோயுற்ற தங்கையையும் கடற்கரைக்கு அனுப்புகிறாள்.

முதல் பாகம் வெளிவந்ததும் வாசகிகளிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. எல்லாக் கடிதத்திலும் ஒரே கேள்வி: ஜோ யாரைக் கட்டிக்கொள்வாள்? அடுத்த வீட்டுப் பணக்காரப் பையன் லாரிதான் அவர்களுடைய தேர்வு. ஆல்காட்டுக்கு ஜோவைத் திருமணம் செய்யாத எழுத்தாளராகவே விட்டுவிட ஆசை. கடைசியில் யாரும் எதிர்பார்க்காத, நடுத்தர வயது ஜெர்மானியப் பேராசிரியர் ஒருவருக்கு மணமுடித்து வைத்தார். விட்டுக்கொடுத்தார், ஆனால் கேட்டதைக் கொடுக்கவில்லை.

அந்தப் பேராசிரியருக்கு, பத்திரிகைகளில் வரும் கொலை, பழிவாங்கல் கதைகள் பிடிக்காது. வெட்கப்பட்ட ஜோ, தான் எழுதிய அவ்வகைக் கதைகளை எரித்துவிடுகிறாள். ஆனால் ஆல்காட்டோ அதே மாதிரிக் கதைகளைப் புனைபெயரில் எழுதிக் குடும்பக் கடனை அடைத்தவர். பதிப்பாளர் சொன்னபடி ‘லிட்டில் விமன்’ காப்புரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அதுவே அவரைச் செல்வந்தராக்கியது. கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. 2019இல் வந்த கிரெட்டா கெர்விக்கின் படம், ஜோவையும் ஆல்காட்டையும் இணைத்து இந்தப் பேரத்தையே உச்சக்காட்சி ஆக்கியது.

சமையலறையில் இருந்தவள்

இந்தக் கதைகளின் வரவேற்பறைகளுக்குப் பின்னால் ஒரு சமையலறையும் உண்டு. அங்கிருந்து எழுதப்பட்டது ஹேரியட் வில்சனின் ‘ஆவர் நிக்’. 1859இல் பாஸ்டனில் அச்சானது. தாய் கைவிட்ட கலப்பினச் சிறுமி ஃப்ரேடோ, அடிமை முறை இல்லாத வட மாநிலத்தில், ஒரு வெள்ளையர் வீட்டில் ஊதியமில்லா வேலைக்காரியாக வளர்கிறாள். அவளை வதைப்பது அந்த வீட்டின் எஜமானி. ‘வீட்டின் தேவதை’ என்று போற்றப்பட்ட பெண்ணின் ஓய்வுக்கு இன்னொரு பெண்ணின் உடம்பு விலை கொடுத்தது. பணிப்பெண் வைத்திருக்கும் நம் குடும்பங்களும் படிக்க வேண்டிய நாவல் இது.

தன்னையும் நோயுற்ற மகனையும் காப்பாற்றவே இதை எழுதியதாக வில்சன் முன்னுரையில் சொல்கிறார். புத்தகம் காப்பாற்றவில்லை. சில மாதங்களில் மகன் இறந்தான். நாவலும் மறக்கப்பட்டது. 1980களில் அறிஞர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் அதை மீட்டபோது, எழுதியவர் கறுப்பினப் பெண்தான் என்று உறுதிசெய்ய உதவிய ஆவணங்களில் ஒன்று அந்தச் சிறுவனின் இறப்புப் பதிவு.

காசு இருந்தும் கதவு திறக்கவில்லை

நூற்றாண்டின் இறுதியில் கேள்வி மாறுகிறது. சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘த எல்லோ வால்பேப்பர்’ 1892இல் வெளிவந்த சிறுகதை. அதன் நாயகிக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. கணவர் மருத்துவர், அன்பானவர். பிள்ளை பெற்றபின் மனம் சோர்ந்த அவளை மாடியறையில் ஓய்வெடுக்கச் சொல்லி, எழுதக் கூடாது என்கிறார். அவள் மஞ்சள் சுவர்த்தாளின் கோலங்களுக்குள் ஒரு பெண் சிறைப்பட்டிருப்பதைக் காணத் தொடங்குகிறாள். கில்மனுக்கும் ஒரு மருத்துவர் இப்படித்தான் எழுத்தை நிறுத்தச் சொன்னார். அதைக் கேட்டிருந்தால் இந்தக் கதை நமக்குக் கிடைத்திருக்காது.

1899இல் கேட் ஷோபினின் ‘த அவேக்கனிங்’. நியூ ஆர்லியன்ஸ் வணிகரின் மனைவி எட்னா. ஓவியம் விற்ற காசு, குதிரைப் பந்தயத்தில் வென்ற காசு, தாய்வழிச் சொத்து ஆகியவற்றை நம்பி, கணவன் வீட்டை விட்டுச் சிறு வீட்டுக்குக் குடிபெயர்கிறாள். வாடகை கட்டக் காசு இருந்தது. மனைவி, தாய் என்ற இரண்டைத் தவிர வேறு வேடம் அந்த ஊரில் அவளுக்கு இல்லை. அவள் கடலுக்குள் நடப்பதோடு கதை முடிகிறது. அன்றைய விமர்சகர்கள் பலர் நாவலைத் தூற்றினார்கள். அது மறுபடி பரவலாகப் படிக்கப்பட ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின.

இவற்றை வரிசையாகப் படித்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான். கைக்காசு இந்தப் பெண்களுக்கு வாசலைத் திறந்தது. வாசலுக்கு வெளியே அவர்கள் எங்கே போகலாம் என்பதை ஊரும் வாசகரும்தான் முடிவு செய்தார்கள். எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையில் துணிந்ததைக் கூட நாயகிக்குக் கொடுக்கத் தயங்கியது அதனால்தான்.

இன்று நம் பெண் பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள். ஆனாலும் விருந்தில் முதலில் எழும் கேள்வி, ஜோவுக்கு வந்த கடிதங்களில் இருந்த அதே கேள்விதான்! நான் சொன்ன கதைகள் எல்லாம் காப்புரிமைக் காலம் கடந்தவை. ஆங்கில மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். தொடங்க விரும்புவோர் ‘த எல்லோ வால்பேப்பர்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அமர்வில் முடித்துவிடலாம். மகளுக்கு மட்டும் கொடுக்காமல் மகனுக்கும் கொடுங்கள். அந்தக் கணவர் எங்கே தவறினார் என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள்.