காமா கதிரின் ஜாதகம்

பச்சைமலை அடிவாரத்து உப்பிலியபுரத்திலிருந்து எலும்பு ஸ்கேன் எடுக்கப் போகிறவர், துறையூர் வழியாகத் திருச்சிக்குப் பஸ் பிடிக்க வேண்டும். அங்கே டெக்னீசியம்-99எம் சேர்ந்த மருந்தை ஊசியில் ஏற்றி, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி, இரண்டு மூன்று மணி நேரம் உட்கார வைப்பார்கள். மருந்து எலும்பில் போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகும். அதன் கதிரியக்கம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும் என்பதால் ரொம்பவும் காத்திருக்க முடியாது. பிறகு காமா கேமராவின் கீழே அசையாமல் படுக்க வேண்டியதுதான்.

கேமரா என்று பெயரே தவிர, லென்ஸ் கிடையாது. 1950களின் கடைசியில் பெர்க்லியில் ஹால் ஆங்கர் செய்த ஏற்பாடுதான் இன்றும் பெரும்பாலும். நோயாளிக்கு எதிரே நுண்துளைகள் நிறைந்த ஈயத் தட்டு. அதற்குப் பெயர் காலிமேட்டர். அதன் பின்னே சோடியம் அயோடைடு படிகம். அதற்கும் பின்னே, படிகத்தின் மினுக்கை மின்துடிப்பாக்கும் குழாய்கள். பத்தாயிரம் கதிர் கிளம்பினால் ஒன்றிரண்டுதான் ஈயத்தைத் தாண்டும். துளையை அகலமாக்கினால் கதிர் கூடும், படம் மங்கும். படிகத்தைத் தடிமனாக்கினாலும் அதே கதை.

ஒவ்வொரு அளவுக்கும் ஒரு கேமரா செய்து பார்க்க யாரிடமும் பணம் இல்லை. அதனால் கணினிக்குள் கேமரா கட்டுகிறார்கள். 1940களில் லாஸ் அலமாஸில் உலாமும் வான் நியூமனும் வகுத்த மான்டி கார்லோ முறைதான் அடிப்படை: கதிரின் துகளான ஃபோட்டான் எந்தத் திசையில் கிளம்பும், எங்கே மோதும் என்பதைப் பகடை போட்டு முடிவு செய்து, கோடிக்கணக்கில் ஓட்டிப் பார்ப்பது. 2004-ல் வெளிவந்த 'கேட்' என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே உள்ளது. திருச்சி என்.ஐ.டி.யில் 2022-ல் வந்த 'பரம் பொருள்' போன்ற மீக்கணினிகளுக்கு ஏற்ற வேலை இது.

இதனால் கிடைக்கும் பெரிய லாபம் ஒன்று உண்டு. டெக்னீசியத்தின் காமா கதிருக்கு 140 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல். உடம்புக்குள் எலக்ட்ரானில் மோதித் திசை மாறினால் கொஞ்சம் இழக்கும். இது காம்ப்டன் சிதறல். (ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்துத் திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சி.வி. ராமன், 1928-ல் தன் கண்டுபிடிப்பை 'நேச்சர்' இதழில் அறிவித்தபோது ஒப்பிட்டுக் காட்டியது இந்தச் சிதறலைத்தான்.) 45 பாகை திரும்பிய கதிரிடம்கூட 130 மீதி இருக்கும். படிகமோ ஆற்றலை அளப்பதில் சுமார் பத்து சதவீதம் தடுமாறும் என்பதால், 126 முதல் 154 வரை எல்லாவற்றையும் கேமரா ஏற்றுக்கொள்கிறது. இடுப்பில் கிளம்பாத கதிர் இடுப்பில் புள்ளியாக விழும். நிஜ கேமராவுக்கு இது தெரியவே தெரியாது. கணினி மாதிரியிலோ ஒவ்வொரு ஃபோட்டானின் ஜாதகமும் கையில் இருக்கிறது: எங்கே பிறந்தது, எத்தனை முறை முட்டியது, எப்படி உள்ளே வந்தது. எண்ணிப் பார்த்தால், பருமனான உடம்பில் மூன்றில் ஒரு பங்குகூடத் திசைமாறி வந்தவையாக இருக்கும். சோடியம் அயோடைடுக்குப் பதில் காட்மியம் ஜிங்க் டெலுரைடு வைத்த கருவிகளுக்கு இன்று மவுசு கூடியிருப்பதற்கு ஒரு காரணம், அவற்றின் தடுமாற்றம் கிட்டத்தட்டப் பாதிதான் என்பது.

கணினி சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். டெக்னீசியக் கரைசலை நிஜ கேமராவின் முன் வைத்து அளந்து, நிஜத்திலும் மாதிரியிலும் கிடைத்த ஆற்றல் வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்திப் பார்ப்பார்கள். நிஜத்தில் 90 கிலோ எலக்ட்ரான்வோல்ட் பக்கம் ஒரு சின்ன மேடு தெரியும். படிகத்தைத் தாண்டிப் போன கதிர், பின்னாலிருக்கும் கண்ணாடியிலும் குழாய்களிலும் மோதித் திரும்பி வந்த கணக்கு அது. மாதிரியில் அந்த மேடு இல்லையென்றால், கேமராவின் பின்பக்கத்தை யாரோ வரையாமல் விட்டிருக்கிறார்கள்.