ஷட்டர் திறக்கலையா? சுத்தியலை எடுக்குறதுக்கு முன்னாடி காலால் ஒரு அழுத்து அழுத்திப் பாருங்க!

சென்னையில் வேலை, விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ வீடு. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வந்து, சனிக்கிழமை காலையில் கார் ஷெட்டைத் திறக்கப் போனால் ஷட்டர் அசைய மாட்டேங்குது. வண்டி உள்ளே. வீட்டில் பெரியவருக்கு பத்து மணிக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட். வாரக் கடைசி மட்டும் ஊருக்கு வருகிறவர்களுக்கு இது புதுசு இல்லை. ஒரு மாசம் திறக்காமல் கிடந்த ஷட்டர், தினமும் திறக்கும் கடை ஷட்டரைவிட சீக்கிரம் மக்கர் பண்ணும்.

வெளிநாட்டு வீடியோக்களில் வருகிற கராஜ் கதவு வேற. அது பெரிய பலகைகளாகப் பிரிந்து, தலைக்கு மேலே கூரையை ஒட்டிப் போய் நிற்கும். 1921-ல் அமெரிக்காவில் சி.ஜி. ஜான்சன் என்பவர் உருவாக்கியது; 1926-ல் அதற்கு மோட்டாரும் மாட்டினார். நம்ம ஊர் கார் ஷெட்டிலும் கடையிலும் இருப்பது ரோலிங் ஷட்டர். அதனால் யூடியூபில் அந்தக் கதவைச் சரி செய்யும் வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் வேலைக்கு ஆகாது.

உள்ளே என்ன இருக்கு?

ஒன்றோடு ஒன்று கோத்த இரும்புப் பட்டைகள், அவை ஏறி இறங்க ரெண்டு பக்கமும் சேனல், மேலே மூடிய பெட்டிக்குள் ஒரு பைப், அந்த பைப்புக்குள் சுருள் ஸ்பிரிங். அவ்வளவுதான். இதில் முக்கியமானது ஸ்பிரிங். ஷட்டரை இறக்கும்போது அது முறுக்கேறும். தூக்கும்போது அந்த முறுக்கு பிரிந்து, பாதி வேலையை அதுவே செய்துவிடும். பத்தடி அகலம், எட்டடி உயரம் உள்ள ஷட்டரின் எடை 80 கிலோவுக்குக் குறையாது. அதை ஒருவர் ஒரு கையால் தூக்க முடிகிறது என்றால் அது ஸ்பிரிங்கின் புண்ணியம்.

இந்த வகை ஷட்டர்களுக்கு ஐ.எஸ். 6248 என்று தனி இந்தியத் தரக்குறிப்பே இருக்கிறது. ஷட்டர் பெருசாகப் பெருசாக பால் பேரிங், அப்புறம் சங்கிலியோடு கியர், அதற்கும் மேலே மோட்டார் என்று போகும்.

முதல்ல பூட்டைப் பாருங்க

'சாவி திரும்ப மாட்டேங்குது, பூட்டு போச்சு' என்று உடனே முடிவு கட்டுவதுதான் பலரும் செய்கிற தப்பு. பெரும்பாலும் பூட்டு நல்லாத்தான் இருக்கும். மூடியிருக்கும் ஷட்டரை ஸ்பிரிங் எந்நேரமும் மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பில் பூட்டின் நாக்கு, சேனலில் உள்ள துளையின் விளிம்பில் போய் அழுந்திக்கொள்ளும். அப்போது சாவியை எவ்வளவு முறுக்கினாலும் நாக்கு நகராது. வேகமாக முறுக்கினால் சாவிதான் உடையும்.

செய்ய வேண்டியது சுலபம். அடிப்பட்டையின் மேல் காலை வைத்து ஷட்டரைக் கீழே அழுத்துங்க. அழுத்தினபடியே சாவியைத் திருப்புங்க. சில நேரம் நேர்மாறாகவும் இருக்கும்: ஷட்டர் தொங்கிப்போய் நாக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். அப்போது கைப்பிடியைப் பிடித்து லேசாக மேலே தூக்கிக்கொண்டு திருப்ப வேண்டும். ரெண்டு பக்கப் பூட்டும் திறந்ததா என்று பார்த்த பிறகே தூக்குங்க. ஒரு பக்கம் மட்டும் திறந்து தூக்கினால் ஷட்டர் கோணலாகிச் சேனலுக்குள் சிக்கிக்கொள்ளும். அதுக்கப்புறம் சின்ன வேலை பெரிய வேலை ஆகிடும்.

சாவித் துவாரத்தில் தேங்காய் எண்ணெய் விடாதீங்க. கொஞ்ச நாளில் பிசின் மாதிரி ஆகி, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பென்சில் முனையைச் சீவிக் கிடைக்கும் கரித்தூள் போதும். ஆயுத பூஜைக்குப் பூட்டின் மேல் சந்தனம், குங்குமம் வைக்கிறவர்கள் துவாரத்தை விட்டுத் தள்ளி வைத்தால், அடுத்த நாள் காலையில் சாமி குத்தம் என்று பயப்பட வேண்டியிருக்காது.

பூட்டு திறந்தும் தூக்க முடியலையா?

நேற்று வரை லேசாக இருந்த ஷட்டர் இன்றைக்கு மலை மாதிரி கனக்கிறது, பெட்டிக்குள்ளிருந்து 'டப்' என்று சத்தம் வேறு கேட்டது என்றால் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம். இந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கிவிடலாம் என்று தோணும். தூக்கவும் முடியும். ஆனால் மேலே போன ஷட்டர் அங்கேயே நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அவசரத்துக்குத் தூக்கியே ஆக வேண்டும் என்றால் ரெண்டு பக்கமும் உறுதியான முட்டு கொடுத்த பிறகே யாரும் உள்ளே நுழையணும். குழந்தைகள் பக்கத்திலேயே வரக் கூடாது.

பெட்டியைத் திறந்து போல்ட்டைக் கழற்றுவது அதைவிட ஆபத்து. ஒரு ஸ்பிரிங் அறுந்திருந்தாலும் மற்றொன்று முறுக்கோடுதான் இருக்கும். போல்ட் தளர்ந்த நொடியில் பைப் சுழன்று, கையில் இருக்கும் ஸ்பேனரைத் தூக்கி முகத்தில் அடிக்கும். இது ஷட்டர் மெக்கானிக்கின் வேலை. அவரை போனில் கூப்பிடும்போதே அகலம், உயரம், கையால் தூக்குவதா கியரா மோட்டாரா என்று சொல்லிவிட்டால், தேவையான ஸ்பிரிங்கோடு வருவார்.

பாதியில் நின்றுவிட்டால் சேனலைப் பாருங்க. பைக் இடித்து நசுங்கிய இடம், நகர்ந்து வெளியே நீட்டும் பட்டை, உள்ளே விழுந்த கல் என ஏதாவது ஒன்று கண்ணில் படும். பொங்கலுக்கு அடித்த பெயின்ட் காய்வதற்குள் ஷட்டரைச் சுருட்டினால் பட்டைகள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. 'வெயிலில் இரும்பு விரிஞ்சிடுச்சு' என்ற காரணத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். மூணு மீட்டர் இரும்புப் பட்டை 25 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் நீளும். நேராக இருக்கும் சேனலுக்கு அது பொருட்டே இல்லை. ஏற்கெனவே நசுங்கிய சேனல் என்றால் அந்த ஒரு மில்லிமீட்டரும் கணக்கில் வரும்.

மோட்டார் ஷட்டர் என்றால்

ரிமோட்டில் பேட்டரியை மாற்றிப் பாருங்க. சுவரில் உள்ள பட்டன் வேலை செய்து ரிமோட் மட்டும் செய்யவில்லை என்றால் கோளாறு ரிமோட்டில்தான். ரெண்டும் செய்யவில்லை என்றால் மின்சாரம் இருக்கிறதா, எம்.சி.பி. விழுந்திருக்கிறதா என்று பார்க்கணும். அடுத்தடுத்து ஏற்றி இறக்கினால் மோட்டார் சூடாகித் தானே நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் சரியாகிவிடும். கரன்ட் இல்லாதபோது திறக்கக் கைச்சங்கிலியோ, சுற்றும் கம்பியோ இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் உள்பக்கம்தான். ஷெட்டுக்கு வேறு வாசலே இல்லை என்றால், வெளியிலிருந்து பிரேக்கை விடுவிக்கும் வசதி இருக்கிறதா என்று மாட்டும் நாளிலேயே கேட்டுவிடணும்.

வெள்ளம் வடிந்த பிறகு

இந்தப் பக்கத்துக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு குளமானது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன.

அப்படித் தண்ணீர் ஏறி இறங்கிய ஷட்டரைத் தொடுவதற்கு முன்னால் மின்சாரத்தைத் துண்டிக்கணும். கடையின் பெயர்ப் பலகைக்குப் போகும் வயர் பல இடங்களில் ஷட்டர் பெட்டியை ஒட்டியே போகும். ஈர வயர் இரும்பில் பட்டிருந்தால் ஷட்டர் முழுக்க கரன்ட் பாயும். மெயின் சுவிட்ச் உள்ளே மாட்டிக்கொண்டதா? மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லி, இணைப்பை வெளியிலேயே துண்டித்த பிறகு கை வைங்க. உள்ளே யாராவது சிக்கியிருந்தால் நேரே 112.

திறப்பதற்கு முன்பே, தண்ணீர் நின்ற கறை தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைங்க. இன்சூரன்ஸ் கேட்கும்போது உதவும். சேனலுக்குள் இறங்கிய சேறு காய்ந்தால் சிமென்ட் மாதிரி ஆகிடும். அதனால் ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்துக் காய வைக்கணும். சேனலுக்குள் கெட்டியாக கிரீஸ் பூச வேண்டாம், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மரக்காணம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் முதலில் துருப்பிடிப்பது அடிப்பட்டைதான். புதுசாக மாற்றுகிறவர்கள் துத்தநாகம் பூசிய பட்டை கேட்டு வாங்கலாம்.

சில தெருக்களில் பிரச்சினை ஷட்டரிலேயே இல்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் தெரு உயர்ந்து, வாசல் பள்ளமாகிவிட்டது. பழைய தார் அடுக்கைச் சுரண்டிய பிறகே புதுசு போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். உங்கள் தெருவில் அடுத்த முறை ரோடு ரோலர் வரும்போது, சுரண்டும் மெஷினும் கூட வந்திருக்கிறதா என்று பாருங்க. வரலைன்னா, தார் ஊற்றுவதற்கு முன்னாடியே கேளுங்க.